வாசிப்பவர் எங்கே நிற்கிறார்?

டிசைன் வகுப்புக்குள் என்னால் கொண்டுவர முடியாத ஒருவர் வாடிக்கையாளர். பாடத்திட்டம் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் போட்டோஷாப் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் போஸ்டரைத் தெருவில் நின்று யாரும் வாசிக்கப்போவதில்லை. நான் வாசிப்பேன், மதிப்பெண் போடுவேன், முடிந்தது. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், போஸ்டர் டிசைன் செய்து பிரின்ட் போடும் என் கடையில் உட்கார்ந்தால் கதை வேறு. பெயர் பெரிதாகத் தெரிகிறதா, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்றா, இன்றைக்கே கிடைக்குமா என்பதற்கு மேல் டிசைனைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

வாரத்தில் பாதி கடை. மீதிப் பாதி, பாம்பன் பாலத்தைத் தாண்டிப் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம். கௌரவ விரிவுரையாளர் என்பது பதவியின் பெயர். சம்பளம் தள்ளிப்போகும் மாதங்களில் கௌரவம் மட்டும் கைக்கு வரும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில், விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதாத தொழில்முறைக் கலைஞரும் காட்சிக்கலை ஆசிரியராக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கண்காட்சி, பயிலரங்கம் என்று 5 வருட அனுபவத்தைச் சான்றோடு காட்ட வேண்டும். இந்தத் தீவில் என் வேலை ஒட்டப்படாத சுவர் குறைவு. அது கண்காட்சிக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சுவர்களில் பெரும்பங்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரவு கடையைச் சாத்தப்போகும் நேரத்தில்தான் வருவார்கள். விடிவதற்குள் ஒட்டியாக வேண்டும். கையில் இருப்பது வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறித் தேய்ந்துபோன குரூப் போட்டோ. அதிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். தோள்மேல் பக்கத்து ஆளின் கை கிடக்கும். சட்டையை மாற்றச் சொல்வார்கள், வாழ்நாளில் கோட் போடாதவருக்குக் கோட் போட்டுவிடச் சொல்வார்கள். "அப்பா சிரிச்ச மாதிரி இருக்கணும்ணே, ஆனா ரொம்பச் சிரிக்கக் கூடாது" என்று ஒருவர் சொன்னார். எந்த ஏஜென்சியிலும் இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைத்திருக்காது.

அப்புறம் பெயர்ப்பட்டியல். மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், கடைசியில் 'மற்றும் உற்றார் உறவினர்'. எது முதலில், எது பெரிதாக என்கிற வரிசையைத்தான் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லித்தருகிறோம். அழுது வீங்கிய முகத்தோடு வரும் குடும்பத்துக்கு அது மனப்பாடம். மூத்த மருமகன் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கினால் என்ன நடக்கும் என்பதை டைப்போகிராஃபி புத்தகம் எதுவும் சொல்வதில்லை.

இதையே மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். மங்கலான ஒரு போட்டோ, நீளமான பெயர்ப்பட்டியல், இரண்டு மணி நேரம். ஒரு பெயரைக்கூட வெட்டக் கூடாது. "சார், வெற்றிடமே இல்லாம எப்படி டிசைன் பண்றது?" என்று சலித்துக்கொண்டார்கள். ஒரு மாணவி மட்டும் போட்டோவைச் சின்னதாகவே விட்டாள், பெரிதாக்கினால் முகம் உடைந்துவிடும் என்று. பெயர்களை எல்லாம் ஒரே அளவில், ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தனித்தனிக் கட்டமாக அடுக்கினாள். யார் யாருக்கு என்ன முறை என்பது பார்த்தவுடன் விளங்கியது. என் கடைக்கு வந்திருந்தால் அப்படியே பிரின்ட் போட்டிருப்பேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் 'கற்பனை குறைவு' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். வாதாடினேன், மாறவில்லை. வகுப்பறையில் நாம் கற்பனை என்று சொல்வது பல நேரம் வாசிப்பவரை மறந்துவிடுவதற்கான அனுமதி என்பது என் கட்சி.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராமாயணம், பாகவதம் எல்லாம் வரிசை வரிசையாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. சேதுபதி எங்கே என்று தேட வேண்டியதில்லை, கண் தானாக அங்கே போய் நிற்கும். பத்துக்கு எட்டு பிளெக்ஸில் தலைவர் முகமும் கீழே பொடிப்பொடியாக வட்டச் செயலாளர்களும் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கள், இங்கே வந்ததும் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு கடற்கரையில் நடப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். செமஸ்டர் முடிவதற்குள் ஒருநாள் பிள்ளைகளோடு அங்கே போய்விடுவேன். இந்த மாவட்டத்து விசைப்படகில் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்கிப் பதிவு எண் எழுத வேண்டும். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துப் பலகைமேல் சுண்டி மேல்கோடும் கீழ்கோடும் போட்டுக்கொண்டு, படகின் முன்பக்கமாக வளைந்து ஏறும் அணியத்தில் எழுதிப்போகிறார் பெயின்டர். எழுத்து தடியாக, அழகில்லாமல் இருக்கிறது என்று ஒரு பையன் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தம்பி, இதை நீ வாசிக்கிறதுக்கு எழுதல. நேவிக்காரன் தூரத்துல கப்பல்ல நின்னு வாசிக்கணும். அவன் கப்பலும் ஆடும், இதுவும் ஆடும்."

பிறகு பையனை நூறடி பின்னால் போய் நிற்கச் சொன்னார். 1க்கும் 0க்கும் நடுவில் இடைவெளியை ஏன் அவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறார் என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரிந்தது. பையனே ஓடிவந்து சொன்னான். எழுத்து இடைவெளி பற்றி நான் ஸ்லைடு போட்டு நடத்திய பாடம் அவனுக்கு நினைவில்லை.

தமிழ் எழுத்தில் சிக்கல் இன்னும் அதிகம். தூரத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி; 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். படகின் பெயரை எழுதும்போது புள்ளியைக் கட்டைவிரல் பருமனுக்கு வைக்கிறார் அவர். கணினி எழுத்துருவில் அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுதான் இருக்கும். கடையில் பெரிய பேனர் செய்யும்போது எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வரைந்த கோடுபோல் திருத்தக்கூடிய வடிவமாக, மாற்றிப் புள்ளியை மட்டும் கையால் பெரிதாக்குவது அவரைப் பார்த்து வந்த பழக்கம்.

அவரை ஒருநாள் வகுப்புக்கே அழைத்துப் பேசவைக்கலாம் என்று துறையில் எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் உடனே கையெழுத்துப் போட்டார். ஆனால் பட்டம் இல்லாத ஆளுக்கு மதிப்பூதியத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டுக் கோப்பு அலுவலகத்தில் நிற்கிறது. 'கூலி' என்று எழுதினால் உடனே கிடைக்கும் என்றார் அங்கிருந்த உதவியாளர். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.