டிசம்பர் விடுமுறையில் சபை கலையும் ஊரில்

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைத் தடுமாற வைப்பது பருவம்தான். கிறிஸ்துமஸ் இங்கே நடுக்கோடையில் வருகிறது. டிசம்பர் நடுவில் மூடும் பள்ளி ஜனவரி நடுவில்தான் திறக்கும். நம் ஊர்ப் பக்கம் பண்டிகை என்றால் கோவில் நிரம்பும். இங்கே அப்போதுதான் சபை கலைகிறது. ஜோகன்னஸ்பர்க்காரர்கள் என்-3 நெடுஞ்சாலையைப் பிடித்து டர்பன் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். பாடகர் குழுவில் பாதிப்பேரைக் காணாது, ஓய்வுநாள் பள்ளியும் நின்றுவிடும். பயணச்சீட்டு எடுத்தபிறகு ஆராதனைக்கு நேரம் தேடினால் கிடைக்காது. அக்டோபரிலேயே ஆராதனை நாட்களைக் குறித்துவிட்டு, பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் தங்குவதானால் அங்குள்ள சபையின் பண்டிகை நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வழக்கமான ஞாயிறு நேரம் அன்று பெரும்பாலும் இருக்காது.

டிசம்பர் 16, 25, 26 அரசு விடுமுறை. பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அப்படியே. பெரிய வியாழன் வேலைநாள். பரமேறுதல் நாளுக்கும் விடுமுறை கிடையாது. ஆஸ்பத்திரியிலோ கடையிலோ ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நவம்பர் தொடக்கத்திலேயே எழுத்தில் விடுப்பு கேட்பது நல்லது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒரு விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஷிஃப்ட் பட்டியல் போட்டபிறகு கேட்டால் ஒருவரும் அசைய மாட்டார்கள். விடுமுறையில் வேலை செய்தால் பெரும்பாலோருக்கு இரட்டைச் சம்பளம் உண்டு, அந்த ஆசையும் சேர்ந்துதான் ஆளை இழுக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரைசேர்ந்த நாளிலிருந்து தமிழர் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சபைகளில் ஆராதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப் பிரசங்கத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாந்தவர்கள், ஊர்க்கோவிலின் நேரலையே போதும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்திய நேரம் இங்கேயுள்ளதைவிட மூன்றரை மணி முந்தியது. திருநெல்வேலியில் விடியற்காலை 4 மணி ஆராதனை இங்கே நள்ளிரவு 12.30. பிள்ளைகள் தூங்கிப்போவார்கள், பெரியவர்கள் பாதிக் கண்ணில் பார்ப்பார்கள், காலையில் உள்ளூர்ச் சபைக்கும் எழுந்திருக்க முடியாது. நேரலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் உள்ளூர்ச் சபை, சாயங்காலம் வீட்டில் தமிழ் ஆராதனை என்று பிரித்துக்கொள்வதே ஓடும் வழி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் போதகரிடமிருந்து அங்கத்தினர் கடிதம் வாங்கிவந்தால் இங்குள்ள ஆங்கிலிக்கன் சபையில் நற்கருணைக்குச் சேர்வது சுலபம்.

வீட்டு ஆராதனைக்கு 40 நிமிடம் போதும். ஒரு பாமாலை, ஒரு கீர்த்தனை, லூக்கா 2, ஜெபம். வசனத்தைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். தமிழ் எழுத்து வராதவர்களுக்கு ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுங்கள். பிரியாணிக்குத் தம் போடுவதை ஆராதனை முடிந்தபின் வைத்துக்கொள்ளவேண்டும். பாத்திரம் அடுப்பில் இருந்தால் ஜெபம் சுருங்கிவிடும், இதில் எந்த வீடும் விதிவிலக்கல்ல.

வீடுவீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் இங்கே நடுராத்திரியில் நடக்காது. மதில் போட்ட குடியிருப்புகளில் காவலரிடம் பெயரும் வண்டி எண்ணும் முன்னதாகக் கொடுக்கவேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

வருஷக் கடைசி ஆராதனையில் சாட்சி நேரம்தான் அதிகம் கெடுகிறது. விசா கிடைத்தது, பதவி உயர்வு வந்தது, வீடு வாங்கினோம் என்று வரிசையாகச் சொல்லும்போது, விசா மறுக்கப்பட்டவரும் வேலை இழந்தவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். 'உமது உண்மை பெரிதாயிருக்கிறது' என்ற புலம்பல் 3:23 எழுந்தது எருசலேம் இடிந்து கிடந்த காலத்தில் என்பதை அந்த இடத்தில் நினைவுபடுத்தவேண்டியது நடத்துபவரின் வேலை. சாட்சிக்கு ஆளுக்கு 3 நிமிடம் வையுங்கள். கிடைக்காததைப் பற்றியும் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 22-ஆம் வசனத்திலிருந்து வாசித்துவிட்டுத் தொடங்கினால் வாயைத் திறப்பவர்கள் கூடுவார்கள்.

புத்தாண்டுக்குக் கொடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டைகளை நவம்பருக்குள் அச்சிட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவில் பல அச்சகங்கள் அடைத்துவிடும். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் அவர்கள் கணினியில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வரும். எழுத்துருவைப் பதித்த பி.டி.எஃப். ஆகக் கொடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் மாதிரிப் பிரதியைச் சரிபார்த்தபின் மொத்தமும் அடிக்கச் சொல்லுங்கள். பயணத்தில் இருக்கும் குடும்பங்களின் அட்டைகளை உறையில் பெயரெழுதி எடுத்துவையுங்கள். ஜனவரி நடுவில் பள்ளி திறந்தபிறகுதான் அவர்களெல்லாம் சபையில் தென்படுவார்கள்.