இருப்பு 1024 கையெழுத்து

கோவையில் பம்பு மோட்டாருக்கு கன்ட்ரோலர் செய்யும் சின்ன கம்பெனியில், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதுகிறேன். கிணற்றடியில் மாட்டுகிற பெட்டி அது. மாட்டிவிட்டால் பத்துப் பதினைந்து வருஷம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். புது ஃபர்ம்வேர் உள்ளே இருக்கும் சிம் வழியாகப் போகும். டிஜிட்டல் கையொப்பம் ஒத்துப்போனால்தான், பெட்டியைத் துவக்கும் நிரலான பூட்லோடர் அதை ஏற்றும். அந்தக் காவல் போனால், ஊரில் எவன் வேண்டுமானாலும் மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம்.

இதுவரை காவலுக்கு இருந்தது ஈசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறை. கையெழுத்துப் போடுவது எங்களிடம் இருக்கும் தனிச் சாவி; சரிபார்ப்பது பெட்டியில் இருக்கும் பொதுச் சாவி. போதிய பலமுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால், 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிய வழியில் பொதுச் சாவியிலிருந்தே தனிச் சாவியைக் கறந்துவிடலாம். அப்படியொரு கணினி இன்றைக்கு இல்லை.

"அப்புறம் என்னப்பா அவசரம்? ரகசியத் தகவல்னா இன்னிக்கே திருடி வெச்சுட்டு நாளைக்கு உடைப்பான். கையெழுத்துல அதுக்கு என்ன இருக்கு?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பூட்லோடர் பூட்டப்பட்டது. அதில் பொதிந்த சாவியை அப்புறம் மாற்ற முடியாது. ஈசிடிஎஸ்ஏ, இன்னொரு பழைய முறையான ஆர்எஸ்ஏ இரண்டையும் 2035-க்குப் பிறகு அனுமதிக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்ட வரைவு. இந்த வருஷம் மாட்டுகிற பெட்டி அன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில், குவாண்டம் கணினிக்கும் தாங்கும் கையொப்ப முறையாக 2024 ஆகஸ்டில் தரநிலையான எம்எல்-டிஎஸ்ஏவைப் பார்த்தேன். அதில் சின்ன வகைக்கே கையொப்பம் 2420 பைட், பொதுச் சாவி 1312 பைட். எங்கள் ஃபைலின் தலைப்பகுதியான ஹெடரில் கையொப்பத்துக்கு ஒதுக்கியிருந்தது 64 பைட்! எப்படியும் ஹெடரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றானதும் எல்எம்எஸ் என்ற இன்னொரு கையொப்ப முறையின் பக்கம் போனேன். வெறும் ஹாஷை, அதாவது எந்தத் தகவலையும் திருப்ப முடியாதபடி சிறு எண்ணாகச் சுருக்கும் கணக்கை, நம்பும் முறை அது. ஷோரின் வழி அங்கே செல்லாது. பூட்லோடரில் ஷா-256 என்ற ஹாஷ் ஏற்கெனவே இருந்தது. கையொப்பம் 1452 பைட், பொதுச் சாவி 56 பைட்தான். குறியீடு எழுதி முடிக்க இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். ஒருமுறை மட்டும் பயன்படும் பல சின்னச் சாவிகளைக் கிளை கிளையாகக் கோத்த மரம்தான் எல்எம்எஸ் சாவி. நான் எடுத்த பத்தடுக்கு மரத்தில் மொத்தம் 1024 கையெழுத்துதான் போடலாம். செக் புத்தகம் மாதிரி, ஒரு தாளுக்கு ஒருமுறை. ஒரே தாள் எண்ணில் இரண்டு வெவ்வேறு ஃபைலுக்குக் கையெழுத்துப் போட்டால், அந்த இரண்டையும் வைத்துப் போலிக் கையெழுத்து உண்டாக்க வழி திறந்துவிடும்.

நான் செய்த முதல் கோமாளித்தனம்: ராத்திரியில் தானாக ஃபர்ம்வேரைத் தயாரிக்கும் பில்டில் இதைக் கோத்துவிட்டது. மூன்று மாடல், தினமும் மூன்று தாள். வருஷம் முடிவதற்குள் புத்தகம் காலி!

இரண்டாவது இன்னும் மோசம். சர்வரின் டிஸ்க் படுத்துவிட, போன வார பேக்கப்பை ஏற்றினோம். எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதுதான் வம்பு. எந்தத் தாள்வரை போட்டாயிற்று என்ற எண்ணும் ஒரு வாரம் பின்னால் போயிருந்தது. பில்டு பாட்டுக்குப் பழைய எண்களிலேயே மறுபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. லாக்கில் ஒரே எண் இரண்டு தேதியில் வந்ததைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அந்தச் சாவியோடு ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. சாவியை அன்றே அழித்தோம். தனிச் சாவி, அதைப் பூட்டி வைக்கும் வன்பொருள் மாட்யூலை விட்டு வெளியே வரவே கூடாது என்று என்ஐஎஸ்டியின் எஸ்பி 800-208 ஆவணத்தில் படித்திருந்தேன். பெரிய கம்பெனிகளுக்குச் சொல்வது என்று தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது சாவி அப்படியொரு மாட்யூலுக்குள். அதற்கு பேக்கப் கிடையாது. முதலில் எண்ணைக் கூட்டி எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடும். நடுவில் கரன்ட் போனால் ஒரு தாள் வீண், அவ்வளவுதான். ராத்திரி பில்டுக்கு வேறு சோதனைச் சாவி. மாட்யூலே செத்துப்போனால்? இரண்டாவது மரம் ஒன்று வேறு மாட்யூலில், லாக்கரில் இருக்கிறது. அதன் பொதுச் சாவியையும் பூட்லோடரில் வைத்துவிட்டோம். பழைய ஈசிடிஎஸ்ஏவையும் விடவில்லை; இரண்டு கையொப்பமும் ஒத்தால்தான் ஏறும்.

மேலாளர் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். தேதி, மாடல், எண், போட்டவர் பெயர். இதுவரை 9 வரி.

ஏற்கெனவே மாட்டிய பெட்டிகள் பழைய சாவியோடுதான் இருக்கின்றன. சர்வீஸுக்கு வந்தால் போர்டை மாற்றிக் கொடுக்கிறோம். நன்றாக ஓடுகிற பெட்டியை யார் கழற்றிக் கொண்டுவருவார்கள்?