பூண்டி மாதாவுக்கு ஒரு வேண்டுதல் சீட்டு

டெல்டாவில் ‘பூண்டிக்குப் போகிறேன்’ என்றால் அடுத்த கேள்வி ‘என்ன வேண்டுதல்?’ என்பதுதான். கேட்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் தெருவில் பெருமாளுக்கு மாலை கட்டும் அம்மாள்கூட, ‘என் பேரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுங்கள்’ என்று காசு கொடுப்பார். ‘சும்மாதான் போகிறேன்’ என்ற பதிலை யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே சரி என்பது என் கட்சி. எதற்காகப் போகிறோம் என்பது போகிறவருக்கே பாதிதான் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, அங்கிருந்து பூண்டி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வயலும் வாழையுமாகக் கிடக்கும் பூமி. குறுவை அறுவடை நேரம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய, மறு பாதியில் பஸ் ஊர்ந்தது. பூண்டி மாதா கோயில் 1999-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆனால், இங்கே முதலில் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது மரபு. 1680-இல் இத்தாலியில் பிறந்து தமிழ் நாட்டுக்கு வந்து வாழ்ந்த அவரைத் தமிழறிஞராகவே பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அவர் இயேசு சபைத் துறவி என்பது பின்னால் போய்விடுகிறது. அந்தச் சபையாருக்கு, சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த வழக்கம் ஒன்று உண்டு. நண்பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை ஆன்ம சோதனை செய்ய வேண்டும். என்ன செய்தேன் என்பதோடு அது நிற்பதில்லை. அதைச் செய்யும்படி என்னைத் தூண்டியது எது, அந்தத் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்று உள்ளே இறங்கிப் பார்க்கச் சொல்கிறது.

நமக்குப் பழக்கமான ஆன்ம சோதனை வேறு மாதிரி. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பு, பத்துக் கற்பனைகள் எனப்படும் பத்துக் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பார்த்து, பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று கணக்கெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். இந்தக் கணக்கில் நல்ல காரியங்கள் வருவதே இல்லை. இயேசுவோ மலைப்பொழிவில் தருமம், ஜெபம், நோன்பு என்ற மூன்றையும்தான் பிடித்துக்கொள்கிறார். மூன்றும் புண்ணியம். மூன்றையும் பிறர் பார்க்க வேண்டும் என்று செய்தால் கூலி அப்போதே கைக்கு வந்துவிட்டது என்கிறார். பாவம் குறுகுறுக்கும், புண்ணியம் குறுகுறுக்காது. அதனால்தான் அதைக் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. டெல்டாவின் எந்தக் கோயிலிலும் பெஞ்சின் முதுகில், மின்விசிறியின் இறக்கையில், சலவைக்கல்லில் குடும்பத்தோடு பெயர் பொறித்திருப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ரகசியமாகக் கொடுத்துவிட்டு, ரகசியமாகக் கொடுத்ததை நாலு பேரிடம் சொல்கிறவர்கள் அவர்களைவிட ஒரு படி மேல் இல்லை.

வேண்டுதல் எழுதிப் போடும் பெட்டி அருகே, சணல் கயிற்றில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை. என் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா, “தம்பி, கண்ணாடி கொண்டுவரவில்லை, எனக்கும் எழுதிக் கொடுங்களேன்” என்றார். சுருக்குப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, திண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவிக் கொடுத்தார். மருமகனின் குடி நிற்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் என்று சொல்லி நெல்லைத் திருப்பக் கூடாது. மழைக்கு முன்னால் மூட்டை லாரி ஏற வேண்டும். மூன்றும் எழுதினேன். நான்காவதாக, “மேல வயல்காரனுக்கு நல்ல புத்தி கொடு” என்றார். ஏதோ வரப்புத் தகராறு போலிருக்கிறது. எழுதி முடித்து மடிக்கப் போனபோது கையைப் பிடித்தார். “கடைசி வரியை அடித்துவிடுங்கள் தம்பி. அது வேண்டுதல் இல்லை, சாபம்.” நான் கோடு போட்டேன். தெரியாதபடி நன்றாக அடிக்கச் சொன்னார், மறுபடி அடித்தேன்.

படிக்கத் தெரிந்த எத்தனை பேருக்கு இந்த ஆன்ம சோதனை வாய்க்கும் என்று தெரியவில்லை. அவர் மற்ற மூன்றையும் அடிக்கச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். தேவைக்காக வருவதை மட்டமாகப் பார்க்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். ‘கடவுளைக் கடவுளுக்காகவே தேட வேண்டும்’ என்பார்கள். அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு கடிந்துகொண்டது உண்மை. கடிந்துகொண்டவர்தான் அந்தக் கூட்டத்துக்கு அப்பமும் கொடுத்தவர். பத்துத் தொழுநோயாளிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன். குணமானவர்கள் பத்துப் பேரும். கொள்ளிடத்துக்கு அக்கரையில், திருமானூர் வழியாகப் போனால் வரும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலிலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். அரியலூரை ஆண்ட மழவராயர் உடம்பில் வந்த கட்டிக்காகத்தான் வீரமாமுனிவரிடம் வந்தாராம். கட்டி ஆறியது, நிலம் தானமாக வந்தது.

பழைய உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சிறு வயதில் மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறோம். நரகத்துக்குப் பயந்து வருந்துவது போதாது, சர்வேசுரன் நன்மையே உருவானவர் என்பதால் வருந்துகிறேன் என்று சொல்லும் மந்திரம் அது. எத்தனை பேர் அப்படி வருந்துகிறோம்? நல்ல வேளையாக, 1551-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் பயத்தால் வரும் வருத்தத்தையும் தள்ளிவிடவில்லை. பாவத்தை விட்டுவிடும் மனம் இருந்தால் அதுவும் கடவுளின் கொடையே என்றது.

இதற்கு மேல் தோண்டுவதிலும் ஆபத்து உண்டு. இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிம்மதி இழந்து, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவர். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது, என்னிடம் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை, அதனால் நான் நீதிமான் ஆகிவிட மாட்டேன், தீர்ப்புச் சொல்கிறவர் ஆண்டவர் என்று முடித்துக்கொள்கிறார்.

பெரியம்மா போன பிறகு என் சீட்டை எழுதினேன். முதலில் மகனின் வேலை, இரண்டாவதாக என் முதுகுவலி, கடைசியில்தான் நன்றி. நன்றியை மேலே கொண்டுவந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வரிசையை மாற்றாமல் அப்படியே மடித்துப் போட்டேன்.