மேஜைக்கு அடியில்

ஜனவரி 4, 2025, சனி

நேற்று இரவு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகும் வாசனை வந்தது. போகிக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே தெருவில் யாரோ ஒத்திகை பார்க்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன். வாசனை இன்னும் கூடியது. குனிந்து பார்த்தால், மேஜைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு துளையின் ஓரம் பழுப்பேறி உருகியிருக்கிறது. கெட்டில் மாட்டியிருந்த துளை. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் தம்பி தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "அக்கா, இதில் எத்தனை மாட்டியிருக்கிறீர்கள்?" கம்ப்யூட்டர், பிரிண்டர், மோடம், மேஜை விசிறி, கெட்டில். சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. பாக்ஸில் 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். என் கெட்டில் மட்டுமே 1,500 வாட். மூன்று வருடமாக அதில்தான் தேநீர்.

அதோடு முடியவில்லை. மேஜையின் மறுபக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி. அதன் தலையில் பழைய மெய்ப்புக் கட்டுகள். சார்ஜ் ஏறும்போது இந்தப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுமாம், காற்றோட்டம் இல்லாத மூலையில் வைக்கவே கூடாதாம். ஒற்றெழுத்து விடுபட்டால் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு இது தெரியவில்லை. பேட்டரி பின்கட்டு வராந்தாவுக்குப் போனது. கெட்டில் சமையலறைக்கு.

ஜனவரி 11, சனி

இன்று முழுக்கக் காகிதம். துடைப்பம் போட்டால் தூசி எழும்பி என் மூக்கில்தான் இறங்கும்; அதனால் முகக்கவசம், ஈரத்துணி. நான்கு மூட்டை பழைய தாள். ராமபாணப் பூச்சி சல்லடையாக்கிய ஒரு கட்டுத் தாளில், நான் சிவப்பு மையில் போட்ட திருத்தங்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. நன்றியுள்ள பூச்சி.

கழுத்துவலி தீரவும் ஒரு வழி செய்தேன். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். என்னுடையது ஒரு சாண் தாழ்ந்திருந்தது. முட்டுக் கொடுக்கச் சரியான கனத்தில் கிடைத்தது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இரண்டு தொகுதிகள். ஒரு மணி நேரம்கூட மனம் ஒப்பவில்லை. எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு செங்கலைக் காகிதம் சுற்றி வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் அம்மா கிழிந்த பாயோடு கருகிய பாக்ஸையும் வாசலுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பிவிசி வயர் எரிந்தால் வருவது அமிலப் புகை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். "நல்ல நாளில் குப்பையை உள்ளே கொண்டு போகிறாயே" என்றாள். மின்கழிவில் போடத் தனிப் பையில் கட்டிவைத்திருக்கிறேன். பாயையும் எரிக்க விடவில்லை. அதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தேநீர் வேண்டுமென்றால் இப்போது எழுந்து சமையலறை வரை போக வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை போய்விட்டேன். ஐந்தாவது முறை போனபோது கெட்டிலில் அம்மா பொங்கல் பானை கழுவ வெந்நீர் போட்டிருந்தாள்.