ஆற்றங்கரைப் பெட்டிக்குள் பாஸ்பேட் சோதனை

ஆற்று நீரில் பாஸ்பேட் பார்க்க, மர்ஃபியும் ரைலியும் 1962-ல் வெளியிட்ட மாலிப்டினம் நீல முறைக்கு (பாஸ்பேட்டை நீல நிறமாக்கி, அந்த நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளப்பது) இன்றும் மவுசு குறையவில்லை. ஒரு சிரிஞ்ச் பம்ப், பல வழி வால்வு, ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி இருந்தால் இதை ஆற்றங்கரையில் ஒரு பெட்டிக்குள் ஆளில்லாமல் ஓட்டலாம். புரோகிராம் எழுதுவது சுலபம்தான். லேபில் கை தன் போக்கில் செய்துவிடும் சில்லறை வேலைகள்தான் பெட்டிக்குள் போனதும் படுத்தும்.

முதலில் ரீஏஜன்ட், அதாவது நிறம் வரவைக்கும் ரசாயனக் கலவை. லேபில் 5 நார்மல் கந்தக அமிலம் 50, ஆன்டிமனி டார்ட்ரேட் 5, அம்மோனியம் மாலிப்டேட் 15, அஸ்கார்பிக் அமிலம் 30 மி.லி. என்று கலப்போம். அந்தக் கலவைக்கு ஆயுள் 4 மணி நேரம். ஆகவே பெட்டியில் முதல் மூன்றையும் ஒரு புட்டியிலும், அஸ்கார்பிக்கைத் தனிப் புட்டியில் 4 டிகிரி குளிரிலும் வைக்க வேண்டும். அப்படியும் அஸ்கார்பிக் ஒரு வாரம்தான் தாங்கும். 5 மி.லி. மாதிரிக்கு முதல் புட்டியிலிருந்து 0.56, அஸ்கார்பிக் 0.24 மி.லி. பத்து நிமிடம் காத்திருந்து, அரை மணிக்குள் அளந்துவிட வேண்டும்.

அளப்பது 880 நானோமீட்டரில். அகச்சிவப்பு எல்இடியும் சாதாரண சிலிக்கான் ஃபோட்டோடயோடும் போதும். சாய நீர் கலக்கும் நொய்யல் போன்ற ஆறுகளிலும் இது வசதி, பெரும்பாலான சாயங்கள் இந்த அலைநீளத்தை அதிகம் உறிஞ்சுவதில்லை. ஆனால் நீரின் கலங்கல் ஒளியை மறைக்கும். அதற்காக அஸ்கார்பிக் சேர்க்கும் முன் ஒரு அளவு, நிறம் வந்தபின் ஒரு அளவு. எல்இடியை அணைத்து எடுத்த இருட்டு அளவை இரண்டிலும் கழித்து, விகிதத்துக்கு லாக் (மடக்கை) போட வேண்டும். மூல வோல்டேஜையும் சேமியுங்கள். வெறும் மி.கி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அதிகம் கெடுப்பது குமிழி. குளிர்ந்த ஆற்று நீர் பெட்டிச் சூட்டில் காற்றை விடும், அளவு எகிறும். நீர் நின்று ஒளி கடக்கும் சிறு அறையான செல்லை நிமிர்த்தி வைத்து நீரைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள். பத்து அளவு எடுத்து நடு மதிப்பை மட்டும் கொள்ளுங்கள். சிதறல் அதிகமென்றால் சந்தேகக் குறி. அடுத்தது, நீலம் செல் சுவரில் படிவது. பிளாங்க் (பாஸ்பேட் இல்லாத நீரின் அளவு) மெல்ல ஏறினால் இதுதான் காரணம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு காய்ச்சி வடித்த நீர்.

ஆர்சனேட்டும் இதே நீலத்தைத் தரும். அதைக் கணினி பிரித்தறியாது.

உலர்த்திய பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.2195 கிராம், ஒரு லிட்டரில் கரைத்தால் 50 மி.கி. பாஸ்பரஸ், அதில் 10 மி.லி.யை 500 ஆக்கினால் லிட்டருக்கு 1 மி.கி. ஸ்டாண்டர்டு, அதாவது செறிவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல். பத்து மாதிரிக்கு ஒருமுறை இதை ஓடவிட்டு, 10 சதவீதத்துக்கு மேல் விலகினால், கடைசியாகச் சரியாக வந்த ஸ்டாண்டர்டுக்குப் பிந்திய எல்லாவற்றுக்கும் குறியிடுங்கள், அழிக்காதீர்கள். பாஸ்பரஸா, பாஸ்பேட்டா என்பதையும் கோப்பிலேயே எழுதுங்கள், இடையே 3.07 மடங்கு வித்தியாசம்.

கரண்ட் போகாத ஆற்றங்கரை இருந்தால் சொல்லுங்கள். மீண்டும் வந்ததும் சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறதென்று புரோகிராமுக்குத் தெரியாது. வால்வைக் கழிவுப் பக்கம் திருப்பி, சிரிஞ்சை முழுக்கக் காலிசெய்து, பிளாங்க்கிலிருந்து தொடங்க வேண்டும்.