சர்வர் ஓடுகிறதா என்று கேட்கப்போய்க் கதவைச் சாத்திக்கொண்ட கதை

தரவுத்தள சர்வர் ஓடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்லும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அதே ஸ்கிரிப்ட்தான் அந்த சர்வரின் கதவை எங்கள் முகத்தில் அடித்துச் சாத்தியது என்று கண்டுபிடிக்க ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. அந்த எரிச்சல் இன்னும் முழுவதுமாக அடங்கவில்லை.

ஒரு வார இறுதியில் நினைவகம் போதாமல் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) எங்கள் தரவுத்தள சர்வரான மைஎஸ்க்யூஎல்லின் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருந்த நிரலை, கொன்றுவிட்டது. அதைத் தானாக எழுப்பும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லாததால், திங்கட்கிழமை காலை வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகே இந்த வேலை என்னிடம் வந்தது.

முதல் முயற்சியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் சர்வரின் பெயரை, சொல் தேடும் க்ரெப் கட்டளை கொண்டு தேடினேன். சோதனைக் கணினியில் சர்வரை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தபோதும் "ஓடுகிறது" என்றே பதில் வந்தது, ஏனெனில் தேடப்படும் பெயரைத் தன் கட்டளை வரியிலேயே சுமந்துகொண்டிருந்த க்ரெப், பட்டியலில் தன்னையே கண்டுபிடித்துக்கொண்டது. பிராசஸ்களைப் பெயரால் தேடும் பிஜிரெப் கட்டளைக்கு மாறி, முழுப் பெயரும் பொருந்தினால்தான் ஏற்க வேண்டும் என்று சொன்னதும் அது சரியாயிற்று. சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்காமல் இருந்திருந்தால், எப்போதும் நல்ல செய்தி மட்டுமே சொல்லும் ஒரு காவலாளியை நியமித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் சர்வர் இருக்கும் கணினியே செயலிழந்தால், அதே கணினியில் இருக்கும் ஸ்கிரிப்ட் யாரிடம் போய்ச் சொல்லும்? எனவே சோதனையை, மாலை 6 மணிக்கு அன்றாட அறிக்கைகளைத் தயாரிக்கும் வேறொரு கணினிக்கு மாற்றினேன். அங்கிருந்து நெட்கேட் என்ற இணைப்புக் கருவி மூலம், மைஎஸ்க்யூஎல் இணைப்புகளை ஏற்கும் வாசலான 3306 ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது, திறந்தால் உடனே மூடிவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. கடவுச்சொல் வேண்டாம், கணக்கு வேண்டாம், ஒரே வரி. குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் காலை 10 மணிக்கு அதைச் சேர்த்தேன். நாள் முழுவதும் பதிவுக் கோப்பில் "நலம்" என்ற சொல் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

மாலை 6 மணிக்கு அறிக்கை வரவில்லை. அந்தக் கணினியிலிருந்து சர்வருடன் இணைய முயன்றால், இந்த ஹோஸ்ட் (இணைய முயலும் கணினி) தடுக்கப்பட்டுள்ளது என்று 1129 ஆம் எண் பிழை வந்தது. "தடுக்கப்பட்டுள்ளது" என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்தான் காரணம் என்று முடிவுகட்டி, அதைப் பராமரிப்பவரை வீட்டிலிருந்து எழுப்பி, விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வைத்தேன். அவர் எதையும் மாற்றவில்லை என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் நம்பவில்லை. அந்த நேரமெல்லாம் என் ஸ்கிரிப்ட் அதே கணினியிலிருந்து நிமிடம் தவறாமல் "நலம்" என்று எழுதிக்கொண்டிருந்தது, அதையே நான் அவருக்கு ஆதாரமாகக் காட்டி, போர்ட் திறந்திருக்கிறதே, பிறகு ஏன் இணைய முடியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நள்ளிரவு தாண்டிய பிறகுதான் அந்தப் பிழைச் செய்தியை முழுவதுமாகப் படித்தேன். இணைப்புப் பிழைகள் மிகுதியாக நேர்ந்ததால் தடுக்கப்பட்டுள்ளது என்ற காரணமும், தடையை எந்தக் கட்டளையால் நீக்கலாம் என்ற குறிப்பும் அதிலேயே இருந்தன. நடந்தது இதுதான்: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் மைஎஸ்க்யூஎல் முதலில் தன் வாழ்த்துச் செய்தியை அனுப்பிவிட்டு, மறுமுனை தன்னை அடையாளம் காட்டுவதற்காகக் காத்திருக்கிறது. நெட்கேட்டோ போர்ட் திறந்ததைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறது. சர்வரின் கணக்கில் அது பாதியில் முறிந்த இணைப்பு. அப்படிப்பட்ட முறிவுகள் ஒரே ஹோஸ்ட்டிலிருந்து இடைவிடாமல் வந்து, மேக்ஸ் கனெக்ட் எரர்ஸ் என்ற அமைப்பின் வரம்பைத் தாண்டினால் அந்த ஹோஸ்ட் முடக்கப்படும். அந்த வரம்பின் இயல்பு மதிப்பு 100. இடையில் ஒரே ஒரு முறை இணைப்பு முழுமையாக அமைந்திருந்தாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பியிருக்கும். ஆனால் பகல் முழுவதும் அந்தக் கணினியிலிருந்து சர்வரிடம் போனது என் ஸ்கிரிப்ட் மட்டுமே. ஆகவே 11.40 மணிக்குச் சற்றுப் பின்னரே கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகும் போர்ட் திறந்தே இருந்தது, ஏனெனில் இணைப்பை ஏற்று, பிழையைச் சொல்லிவிட்டுத்தான் சர்வர் வெளியேற்றுகிறது. அந்தப் பிழையைக் கேட்க நெட்கேட் நிற்கவில்லை.

ஒவ்வொரு ஹோஸ்ட்டின் பிழை எண்ணிக்கையையும் சர்வர் குறித்துவைக்கும் ஹோஸ்ட் கேஷை வேறொரு கணினியிலிருந்து காலி செய்ததும் அறிக்கை உடனே ஓடியது. ஃபயர்வால்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வரம்பை லட்சக்கணக்கில் உயர்த்திவிட்டால் போதும் என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். தவறான முறையில் தட்டுவதை நிறுத்தாமல் காதைப் பொத்திக்கொள்வது போன்றது அது என்பதால் நான் அதை ஏற்கவில்லை.

அடுத்து முயன்றது, மைஎஸ்க்யூஎல்லின் நிர்வாகக் கருவியான மைஎஸ்க்யூஎல்அட்மின் தரும், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கடவுச்சொல் தவறாகி அனுமதி மறுக்கப்பட்டாலும் அது வெற்றி என்று பொருள்படும் 0 என்ற வெளியேற்றக் குறியீட்டையே (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) தரும். மறுப்பதற்கு ஒரு சர்வர் அங்கே இருக்கிறது அல்லவா என்பது அதன் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் எனக்குத் தேவை, வேலை நடக்கிறதா என்ற கேள்விக்கான பதில். எனவே எந்த அட்டவணையையும் தொட உரிமையில்லாத ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, "செலக்ட் 1" என்ற வினவலை அனுப்பி, 1 என்ற விடை திரும்பினால் மட்டுமே நலம் என்று எழுதச் செய்தேன். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய ஒரு தனிக் கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பைச் சுட்டும் தெரிவு, கட்டளைக்கு அடுத்து முதலாவதாக வர வேண்டும் என்பதைக் கவனிக்காமல் இருபது நிமிடங்கள் வீணாயின.

கையால் ஓட்டியபோது சரியாக இருந்த ஸ்கிரிப்ட், க்ரானில் போட்டதும் நிமிடத்துக்கு ஒரு அபாய மின்னஞ்சலை அனுப்பியது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில், க்ரானைப் பொறுத்தவரை, இரண்டு கோப்பகங்கள் மட்டுமே இருந்தன. வினவலை அனுப்பும் எங்கள் கிளையன்ட் நிரல் இருந்ததோ வேறிடத்தில். கட்டளையே கிடைக்கவில்லை என்பதற்கான 127 என்ற குறியீட்டை என் ஸ்கிரிப்ட் "சர்வர் இல்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டது. முழுப் பாதையை எழுதியதோடு, "சர்வர் பதில் தரவில்லை" என்பதையும் "என்னால் சோதிக்கவே முடியவில்லை" என்பதையும் இரு வேறு செய்திகளாகப் பிரித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்தச் சங்கடம் குறைவு: பிஜி இஸ்ரெடி என்ற நிரல், ஏற்கிறது, மறுக்கிறது, பதிலில்லை, முயலவே இல்லை என்ற நான்கு நிலைகளுக்கும் 0 முதல் 3 வரை தனித்தனிக் குறியீடு தருகிறது.

பதில் தராதபோது சர்வரைத் தானாக மறுதொடக்கம் செய்யும் வரி ஒன்றும் ஸ்கிரிப்ட்டில் இருந்தது, அதை அழித்துவிட்டேன். திடீரென நின்றுபோன சர்வர் மீண்டும் எழும்போது மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி தன் மீட்புப் பணியை முடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம், அந்த நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை அதை மறுதொடக்கம் செய்தால் மீட்பு முடியவே முடியாது.

கடைசியாக ஒரு சோதனை, இதில்தான் எனக்குச் சிறிது மகிழ்ச்சி. சோதனைக் கணினியில் சர்வர் பிராசஸைக் கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைத்தேன். பிராசஸ் பட்டியலில் அது இருந்தது. இணைப்பைக் கர்னலே ஏற்றுக்கொள்வதால் போர்ட்டும் திறந்திருந்தது. மைஎஸ்க்யூஎல்அட்மினோ பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. அதன் இணைப்புக் காத்திருப்பு வரம்பின் இயல்பு மதிப்பு 43,200 விநாடிகள், அதாவது 12 மணி நேரம். புதிய ஸ்கிரிப்ட் மட்டும், டைம்அவுட் கட்டளையில் நான் வைத்திருந்த 5 விநாடி முடிந்ததும் நேரம் முடிந்தது என்பதற்கான 124 என்ற குறியீட்டுடன் திரும்பி, அடுத்தடுத்து மூன்று முறை தோற்ற பிறகு ஒரே ஒரு மின்னஞ்சலை அனுப்பியது. சர்வரைத் தொடரச் சொன்னதும், மீண்டுவிட்டது என்று இரண்டாவது மின்னஞ்சல் வந்தது.

மறுநாள் மாலை 6 மணிக்கு அறிக்கை வந்தது. ஹோஸ்ட் கேஷ் அட்டவணையைத் திறந்து, எங்கள் கணினிக்கு எதிரே உள்ள பிழை எண்ணிக்கை 0 என்பதைப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன்.