அக்காவை லேடீஸ் வார்டுக்கு மாற்ற மூன்று நாள்

அட்மிஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. டாக்டரிடமும் குறையில்லை. பிரச்சினை எல்லாம் வார்டில்தான்.

அந்தத் தனியார் மனநல மருத்துவமனையில் ஆண், பெண் அறைகள் எல்லாம் ஒரே வராந்தாவில். அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பாதுகாப்புக்காக அப்படி, சரி. ஆனால் முதல் ராத்திரி நான் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில், ஒருவர் அறை மாறி வந்து அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவரும் நோயாளிதான், பாவம். அக்கா விடியவிடிய உட்கார்ந்தே இருந்தாள். "லேடீஸ் வார்டுல போடச் சொல்லுடா."

ஆபீஸில் கேட்டேன். "பேஷண்ட் சொல்றதுக்கெல்லாம் மாத்த முடியாது சார். அவங்க ஹஸ்பெண்ட் வந்து கையெழுத்து போடணும்." அவர் பிரிந்து போய் நாலு வருஷம். தம்பி நான் போடுகிறேன் என்றால், அக்கா தன் பிரதிநிதியாக என்னை நியமித்ததாக நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி வாங்கி வரச் சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பாதி நாள் அலைந்து வாங்கி வந்தேன். அதைப் பார்த்த சோஷியல் வொர்க்கர் மேடம், "இதுக்கு வெள்ளைத்தாள் போதுமே" என்றார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 14ஆம் பிரிவு: தன் பிரதிநிதியாக ஒருவரை நியமிக்க, நோயாளி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். கணவர்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, லேடீஸ் வார்டில் ராத்திரி ஆண் துணைக்கு அனுமதி இல்லை. இதை முதல் நாளே யாரும் சொல்லவில்லை. தேனியிலிருந்து பெரியம்மா பஸ் பிடித்து வந்த பிறகுதான் படுக்கை கிடைத்தது. அன்றைக்கு அக்கா ஏழு மணி நேரம் தூங்கினாள்.

எல்லாருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். எதிர் அறை அம்மா, வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் மாத்திரையே போடுவார். அவருக்கு ஆண், பெண் சேர்ந்திருந்த அந்தப் பழைய வார்டுதான் நிம்மதி. அதனால் சேர்க்கும் முன்பே நோயாளியிடம் கேளுங்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டா, ராத்திரி டியூட்டியில் பெண் ஊழியர் இருப்பாரா, துணைக்கு யார் தங்கலாம் என்று விசாரியுங்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். நோயாளியின் அந்தரங்கம் 20ஆம் பிரிவில் இருக்கிறது, அதையும் குறிப்பிடுங்கள்.

அக்கா இப்போது தேறிவிட்டாள். இனி நோய் முற்றினால் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. நேற்று உட்கார்ந்து எழுதினாள். முதல் வரி: "என்னைப் பெண்கள் வார்டில் மட்டும் சேர்க்கவும்."